மூக்கில்லாத மூச்சுக் கிளினிக்

போன மாதம் அஞ்சு என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் மூச்சுக் கிளினிக்கில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள். புது மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம், உள்ளங்கை அளவுதானாம். நோயாளி மூச்சைச் சற்றுப் பிடித்து வைத்திருந்து அதில் ஊதினால், கொஞ்ச நேரத்துக்கு முன்பு பீடி குடித்தாரா இல்லையா என்று பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரிந்து காட்டிக் கொடுத்துவிடுமாம்.

"சார், இது இல்லாத காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பழைய ஆளுக எல்லாம் இன்னும் உங்க மூக்கைப் பத்தியே பேசறாங்க. போலீஸ் நாய்கூடத் தோத்துப்போகும்னு சொல்றாங்க" என்றாள்.

"எல்லாம் அனுபவம்தாம்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு உறுத்தியது. பென்ஷன் வாங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி என்னை யாரும் மெமோ கொடுத்து விசாரிக்க முடியாது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூக்கு வேலை செய்யவே இல்லை.

என் பெயர் கனகராஜ். வாளையாருக்குத் தெற்கே, சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக வேலை பார்த்தேன். பெயர்ப் பலகை மலையாளத்தில் இருக்கும், வரிசையில் நிற்பவர்கள் கொங்குத் தமிழில் சண்டை போடுவார்கள், மருந்துச் சீட்டு எந்த மொழி என்று மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஊர்க்காரர்கள் என்னை "நர்ஸ் சாருங்க" என்பார்கள்.

படித்த மூன்று வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போடக் கற்றேன். கட்டில் விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிக்கக் கற்றேன். பிணவறை டூட்டியில் வாடை தாங்காமல் வாசலில் நின்றபோது ஒரு சீனியர் சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தார். அதையும் கற்றேன். மூன்றில் கடைசியைத்தான் ஒரு நாள்கூட விடாமல் பயிற்சி செய்தேன். இருபத்தைந்து வருஷம் கழித்து என் மூக்குக்கு மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

மூச்சுக் கிளினிக்கை ஆரம்பித்தவர் டாக்டர் வத்சலா. ஒற்றப்பாலத்துக்காரர். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் கடைசி நோயாளி போகும்வரை எழமாட்டார். ஒரு நாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பொய் சொல்கிறார் என்று தோன்றினால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவுக்கு மெதுவாக மூடி போடுவார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். "இல்லீங் டாக்டர், ஒண்ணே ஒண்ணு... காத்தால மட்டும்..." என்று பெரும்பாலானவர்கள் மூடி 'டக்' என்று விழுவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

அந்த டாக்டருக்கு ஒரு குறை இருந்தது. வருஷம் முழுக்க மூக்கடைப்பு. கைக்குட்டையை விட்டு அவர் மூக்கு பிரிந்திருந்ததை நான் பார்த்ததில்லை. கிளினிக் தொடங்கிய முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுப் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார்: "கனகராஜே, எனிக்கு மூக்கில்லா. வர்ற ஆள் பீடி குடிச்சிட்டு வந்தானா இல்லையான்னு எனிக்கு அறியாது. இனி நிங்களாணு என்டெ மூக்கு."

இனி நான்தான் அவருக்கு மூக்காம். நான் தலையை ஆட்டினேன். 'எனக்கும் மூக்கில்லை டாக்டர்' என்று சொல்லியிருந்தால், 'ஏன்?' என்று கேட்டிருப்பார். பேனாவுக்கு மூடி போட்டிருப்பார்.

இப்படியாகத்தான் இரண்டு மூக்கும் செத்துப்போன ஒரு கிளினிக், மூச்சுக் கிளினிக் என்ற பலகையோடு நடந்தது.

வேலை முறை இதுதான். வருகிறவர்களில் பாதிப்பேர் பீடியால் மூச்சுக்குழல் வீங்கிப்போனவர்கள். வருஷத்தில் பாதி நாள் இருமலும் சளியும். புத்தகத்தில் அதற்குப் பிராங்கைட்டிஸ் என்று பெயர், எங்கள் ஊரில் "நெஞ்சுச் சளி". அவர்களை உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, மூச்சை முழுக்க இழுத்து ஒரே வீச்சில் ஊதச் சொல்லவேண்டும். எவ்வளவு வேகமாக எவ்வளவு காற்று வருகிறது என்று மெஷின் கோடு போடும். ஊதுகிறவருக்குப் பக்கத்தில் நின்று நான் கத்தவேண்டும்: "ஊது, ஊது, ஊது, நிறுத்தாதீங்க, இன்னும் ஊது!" ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக்கூட அது கேட்கும். சிலர் ஈர விறகடுப்பை ஊதுவது போலக் கன்னத்தை உப்பி ஊதுவார்கள். ஒருவர் வாயில் வெற்றிலை இருப்பதை மறந்து ஊதி, என் வெள்ளைச் சட்டையையும் அரசாங்க மெஷினையும் ஒரே நேரத்தில் சிவப்பாக்கினார்.

ஊதி முடித்ததும் வாக்குறுதி. இது டாக்டரின் சொந்த ஏற்பாடு. பீடியை விடுகிறேன் என்று நோயாளி தன் வாயால், தன் சொல்லில் சொல்லவேண்டும். அதை நான் அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், அவருடைய கார்டில் எழுதவேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் வரும்போது நான் குனிந்து அவர் வாயருகே முகர்ந்து பார்த்து, "சுத்தம்" என்றோ "இல்லை" என்றோ அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

முகர்வது நாடகம். என் கண்தான் வேலை செய்தது. நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். வேட்டியில் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி ஓட்டை இருக்கிறதா, சட்டைப் பையின் மூலையில் புகையிலைத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும்விட உறுதியான வழி ஒன்று இருந்தது. கேள்வியைப் புருஷனிடம் கேட்டுவிட்டு, முகத்தை மனைவி பக்கம் திருப்பிவிடுவேன். "பீடி எல்லாம் விட்டாச்சுங்களாண்ணா?" என்று நான் கேட்ட நொடியில் அந்த அம்மாவின் உதடு ஒரு பக்கம் கோணினால், குனிந்து நன்றாக மூச்சை இழுத்து, "காலையில ரெண்டு" என்பேன். ஆசாமி வெலவெலத்துப்போவார். இப்படித்தான் என் மூக்கு ஊரெல்லாம் பேர் வாங்கியது. பஞ்சாயத்தில் புகையிலை எதிர்ப்புக் கூட்டம் என்றால் என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு ஆவேசமாகப் பேசுவேன்.

பேசிவிட்டு நேராகத் தமிழ்நாட்டுக்குப் போவேன். ஊரில் எந்தக் கடையில் நின்று நான் சிகரெட் பிடித்தாலும் அது என் நோயாளி ஒருவரின் கண்ணில்தான் படும். அதனால் டூட்டி முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெட்டிக்கடைக்குப் போய், தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்து, இரண்டு சிகரெட்டை நிம்மதியாக இழுத்துவிட்டுத் திரும்புவேன். எனக்குத் தெரிந்து அந்த செக்போஸ்ட்டில் கடத்தப்பட்ட மிக ரகசியமான சரக்கு என் நெஞ்சுக்குள் இருந்த புகைதான்.

இந்த நேரத்தில்தான் ஆறுச்சாமியண்ணன் வந்தார்.

அறுபத்து மூன்று வயது. ஒல்லி. தென்னையும் நெல்லும் உள்ள விவசாயி. இருமல் வந்தால் இடது கை தானாகவே அடிவயிற்றுக்குப் போய் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குடலிறக்கம். ஒவ்வொரு இருமலுக்கும் குடல் கொஞ்சம் கீழே வந்து எலுமிச்சம்பழம் போல் புடைக்கும். அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மறு வார்த்தை பேசுவார். அவருடைய இருமலுக்குத் தனிக் கணக்கு உண்டு. இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் "முருகா". அதை நான் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வேன்.

ஆபரேஷன் செய்ய வேண்டிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "எட்டு வாரம் பீடியைத் தொடாமல் இருந்து, நெஞ்சு அடங்கி, உங்கள் ஊர் மூச்சுக் கிளினிக்கில் எழுதி வாங்கி வந்தால்தான் மேசையில் படுக்க வைப்பேன்" என்றாராம். எட்டு வாரத்துக்குள் குடல் வெளியே மாட்டிக்கொண்டு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பீடியை விடாமல் ஆபரேஷனுக்குப் போனாலும் ஆபத்துதான். இரண்டுக்கும் நடுவில் ஆறுச்சாமியண்ணன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே அவர் மனைவி தெய்வாத்தாள், கையில் ரிப்போர்ட்டுகள் நிரம்பிய ஜவுளிக்கடைப் பையோடு.

"பீடியில்லாம சளி பிரியாதுங் டாக்டர். காத்தால ஒண்ணு இழுத்தாத்தான் நெஞ்சு தெறக்குது. எனக்கு அது மருந்து மாதிரிங்க" என்றார் ஆறுச்சாமியண்ணன்.

டாக்டர் பேனா மூடியை எடுத்தார். அண்ணன் உடனே, "இல்லீங்க, உட்டுப்போடறனுங்க" என்றார்.

வாக்குறுதிக்கு நான் கார்டை எடுத்தேன். அவர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலது கையைத் தூக்கினார். "இந்தக் கேரளத்து மண்ணுல நிக்கிற வரைக்கும், இனி இந்த ஆறுச்சாமி பீடியத் தொடமாட்டானுங்க."

எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தெய்வாத்தாளம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதாணு வாக்கு" என்றார் டாக்டர். ஒரு எழுத்து மாற்றாமல் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்தார். விரலைப் பார்த்தேன், கறை மங்கிக்கொண்டு வந்தது. சட்டைப் பையில் தூள் இல்லை. வேட்டியில் புது ஓட்டை இல்லை. கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டுத் தெய்வாத்தாளம்மாவைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஊட்டுல பீடி வாசமே இல்லீங் சார். எங்களுக்குக் கண்ணாலமாகி இத்தன வருசத்துல இப்பத்தான் ஊடு ஊடாட்டம் இருக்குது" என்றார். நான் குனிந்து சம்பிரதாயமாக மூச்சை இழுத்து, "சுத்தம்" என்று எழுதினேன். நான் முகரும்போது ஆறுச்சாமியண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுப்பார். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மெஷின் கோடு ஏறவில்லை. இருமலும் குறையவில்லை. டாக்டர் குழம்பினார். உறிஞ்சு மருந்தை, அதாவது ஊர்க்காரர்கள் பம்பு என்பதை, ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். ஐந்தாவது வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, "பீடி நிறுத்தியிட்டும் குறையலைன்னா, உள்ளே வேற எந்தோ இருக்கு. ஸ்கேன் எடுக்க திருச்சூருக்கு அயக்கணும்" என்று கவலையோடு சொன்னார். கதவோரம் நின்ற தெய்வாத்தாளம்மாவின் காதில் 'வேற எந்தோ' மட்டும் விழுந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானம் வழக்கத்தைவிடக் கவலை அதிகம் என்பதால் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மூன்று சிகரெட்டாகவே வாங்கினேன். பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. அதன் வேலியோரம் நிழலில் நின்று முதலாவதைப் பற்றவைத்து இழுத்தேன். அப்போது தோப்புக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"முருகா!"

எட்டிப் பார்த்தேன். மோட்டார் ரூம் வாசலில் ஆறுச்சாமியண்ணன் நின்றார். இடது கை அடிவயிற்றில். வலது கையில் ஒரு தென்னை ஈர்க்குச்சி, நுனியைப் பிளந்து அதில் ஒரு பீடியைச் செருகியிருந்தார். விரல் படாமல் ஈர்க்குச்சியாலேயே வாய்க்குக் கொண்டுபோய், பூஜை செய்கிற மாதிரி இழுத்தார். உடம்பில் நான் பார்த்திராத ஒரு கிழிந்த சட்டை.

எனக்கு வந்த கோபத்தில் வேலியைத் தாண்டியே விட்டேன். "ஏனுங்கண்ணா! என்ன காரியம் பண்றீங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சிகரெட் நன்றாகப் புகைந்துகொண்டிருந்தது.

 அவர்தான் முதலில் சுதாரித்தார். "சித்த உக்காருங் சார்" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

"நான் வாக்கு மீறலீங்க" என்றார். "இது என்ற மாமனார் குடுத்த தோப்பு. தமிழ்நாடுங்க. கேரளத்து மண்ணுல நின்னு ஒரு பீடி குடிச்சிருந்தா என்ற நாக்கு அழுகிப்போகட்டும்."

"அந்தச் சட்டை?"

"இது பீடிச் சட்டைங்க. இங்கதான் தொங்கும், எல்லைய அக்கட்ட தாண்டாதுங்க. குடிச்சுப்போட்டுத் தொட்டியில தண்ணி வாத்துக்கிட்டு, நாலு கொய்யா எலையப் போட்டு மென்னுட்டுத்தான் ஊட்டுக்குப் போவனுங்க."

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "மொத வாரம் உங்ககிட்ட வாரப்ப நடுங்கிப்போட்டனுங்க சார். உங்க மூக்குக்கு இந்தக் கொய்யா எலை எல்லாம் எம்மாத்தரம்னு. நீங்க மோந்து பாத்துட்டுச் சுத்தம்னு எழுதுனீங்க. ரண்டாவது வாரமும் சுத்தம்னீங்க. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. உங்க மூக்கே சுத்தம்னு சொல்லிப்போட்டா, எல்லைக்கு இக்கட்ட குடிக்கறது ஒடம்புல சேராதுன்னுதானுங்களே அர்த்தம்?"

அந்த மனுஷன் என்னை ஏமாற்றவில்லை. என் செத்த மூக்கை நம்பி, தன் நெஞ்சுக்குள்ளேயே எல்லைக்கோடு போட்டுக்கொண்டார். நான் எழுதிய ஐந்து "சுத்தம்"தான் அவரைத் தினமும் அந்த மோட்டார் ரூமுக்கு அனுப்பியது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"இன்னும் மூணு வாரம் சுத்தம்னு எழுதிக் குடுத்துருங்க சார். நானும் உங்களை இங்க பாக்கலீங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் வரப்புத் தகராறைப் பேசி முடிப்பது போல, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

ஒத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பேட்ஜ் போகாது, பேர் போகாது. ஆனால் பல வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் வார்டு டூட்டியில் பார்த்த ஒருவர் நினைவுக்கு வந்துவிட்டார். அவருக்கும் இதே ஆபரேஷன்தான், அவரும் பீடியை மறைத்துத்தான் வந்து படுத்தார். மூன்றாம் நாள் சளி திரண்டு நெஞ்சை அடைத்தது. இருமினால் தையல் கிழிகிறது, இருமாவிட்டால் மூச்சு முட்டுகிறது. இருமினார். தையல் பிரிந்த இடத்தை ஈரத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, தள்ளுவண்டியோடு நான் ஓடினேன். அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதை ஆறுச்சாமியண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஈர்க்குச்சியைக் கீழே போட்டார். நானும் சிகரெட்டைப் போட்டு மிதித்தேன். மிச்சம் இரண்டு என் பையில் இருந்தன. அவற்றையும் அவர் முன்னாலேயே பிய்த்துத் தொட்டியில் போட்டேன். மாடு குடிக்கிற தண்ணியாம். அதற்கும் திட்டு வாங்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை, ஆறுச்சாமியண்ணன், தெய்வாத்தாளம்மா, டாக்டர் மூவரும் இருக்கும்போது, அவர் கார்டிலிருந்த ஐந்து "சுத்தம்"களையும் சிவப்பு மையால் அடித்தேன். கீழே, "கடைசியாகப் புகைத்தது போன வியாழன் மத்தியானம். நேரில் கண்டது: கனகராஜ்" என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் படித்தார். "எவிட வெச்சு கண்டது?"

"தமிழ்நாட்டில் டாக்டர்."

"நிங்கள் அவிட எந்தினு போயி?"

அங்கே எதற்குப் போனேன் என்று சொன்னால் எல்லாமே வெளியே வந்துவிடும். டாக்டர் பேனாவுக்கு மெதுவாக மூடி போட்டார். 'டக்'. கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் அந்த நாற்காலியின் முன் உருகி ஓடுவதைப் பக்கத்தில் நின்று ரசித்தவன் நான். எதிரில் நிற்பது வேறு அனுபவம். மூக்கு செத்தது, பிணவறை, பெட்டிக்கடை, மனைவியின் முகம் பார்க்கும் தந்திரம் எல்லாம் கொட்டிவிட்டது.

முதலில் வெடித்தது தெய்வாத்தாளம்மாதான். "ஏனுங்க, அப்ப நீங்க ரண்டு பேரும் சோடி போட்டுட்டா குடிச்சீங்க? நான் இங்க திருச்சூரு, ஸ்கேனு, வேற என்னமோன்னு ஒரு வாரமா சோறு எறங்காம கெடக்கறனுங்க!" ஜவுளிக்கடைப் பையால் புருஷனுக்கு ஒன்று விழுந்தது. எனக்கும் விழ இருந்தது, நான் வெள்ளைச் சட்டையில் இருந்ததால் தப்பினேன்.

டாக்டர் பேனா மூடியைத் திறந்து ஒரு புது ஓ.பி. சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெயர், கனகராஜ். வயது, ஐம்பத்து மூன்று. "வெளியே போயி டோக்கன் எடுத்து லைனில் இருக்கணும்" என்றார். மெமோ கொடுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

டோக்கன் பதினேழு. என் சொந்த நோயாளிகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்மேல் யாருக்கும் கோபமில்லை. அதுதான் ஆச்சரியம். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "மொத தடவைங்களா? பயப்படாதீங்க, அந்த நர்ஸு கத்தறதுதான் கொஞ்சம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்து இருமுவது போலச் சிரித்தார்.

என் முறை வந்தது. கத்துவதற்கு ஆள் இல்லை, கத்த வேண்டியவன் வாயில் குழாய் இருந்தது. ஆறுச்சாமியண்ணன் தானாகவே பக்கத்தில் வந்து நின்றார். இடது கை அடிவயிற்றில். "ஊதுங் சார், ஊதுங், ஊதுங், நிறுத்தாதீங்க, நெம்ப ஊதுங்!" என்று அப்படியே என் குரலில் கத்தினார். ஊதினேன். கண் இருட்டியது. எத்தனையோ பேரை ஊதவைத்தவன், அதுவரை ஒரு தடவைகூட ஊதிப் பார்த்ததில்லை.

மெஷின் என் நுரையீரலுக்கு அறுபத்தாறு வயது என்றது.

அன்றைக்கு இரண்டு வாக்குறுதிகள் எழுதப்பட்டன, ஒன்று அவர் கார்டில், இன்னொன்று எனக்கென்று போட்ட புதுக் கார்டில். ஆறுச்சாமியண்ணனுடையதை இம்முறை டாக்டரே சரிபார்த்தார். "கேரளத்துலயும், தமிழ்நாட்டுலயும், நடுவால செக்போஸ்ட்டுலயும்..." என்று தொடங்கியவர் நிறுத்தி, "பழனிக்குப் போனாலுமுங்களா?" என்று கேட்டார். "பழனியிலும்" என்றார் டாக்டர். தெய்வாத்தாளம்மா அன்று சாயங்காலமே தோப்புக்குப் போய் பீடிச் சட்டையை எடுத்துவந்து ஆட்டுக்குட்டிக்குப் படுக்கையாகப் போட்டாராம். ஆட்டுக்குட்டி அதில் படுக்கவில்லையாம்.

எட்டு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாவது வாரம் அண்ணனுக்கு இருமல் கூடிவிட்டது. காலையிலேயே போன். "சார், உட்டதுக்கப்புறம்தான் இருமல் எச்சாவுதுங்க. நான் அப்பவே சொன்னனில்லீங்க, அது மருந்துன்னு." இந்தப் பக்கம் நானும் இருமிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டோம். மூச்சுக்குழலின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் இருக்கின்றன, சளியை மேலே தள்ளிப் பெருக்கி அனுப்புவது அவைதான், பீடிப்புகை அவற்றை முடக்கிப் போடுகிறது, புகை நின்றதும் எழுந்து வேலையை ஆரம்பிக்கின்றன என்று விளக்கினார். "நம்ம ஆஸ்பத்திரியில் பெருக்குற அம்மா ஒரு மாசம் லீவு போட்டு வந்தா, முதல் நாள் என்ன ஆகும்? பொடி கிளம்பும், எல்லாரும் தும்மும். அதுக்காக அவங்களைத் திரும்ப லீவில் அயக்கணுமா?" என்று கேட்டார். அதன்பின் தினமும் காலையில் ஆறுச்சாமியண்ணன் போன் செய்து, "பெருக்கறாங்களா சார்?" என்பார். "பெருக்கறாங்கண்ணா" என்பேன். இரண்டு பேரும் இருமிவிட்டு வைப்போம்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை, கிளினிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏதோ ஒரு வாடை. பினாயில், ஈரத் தரை, அதற்கு மேல் கும்மென்று பீடி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மூக்கு வேலைக்குத் திரும்பியிருந்தது. அன்று வரிசையில் வந்தவர்களை உண்மையாகவே முகர்ந்து பார்த்தேன். நான் மாதக்கணக்கில் "சுத்தம்" என்று எழுதியவர்களில் நான்கு பேர் கரும்புகைக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்கள் போல நாறினார்கள். நான்கு கார்டுகளையும் திருத்தினேன். நான்கு மனைவிகளும் நன்றாக நடித்திருந்தார்கள்.

எட்டாவது வாரம் ஆறுச்சாமியண்ணன் எதிரில் வந்து நின்று வாயைத் திறந்தார். குனிந்தேன். தேங்காயெண்ணெய், திருநீறு, கொஞ்சம் மாட்டுக் கொட்டகை. பீடி இல்லை. கொய்யா இலையும் இல்லை. இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. மெஷின் கோடும் சற்று ஏறியிருந்தது. போன நுரையீரல் முழுசாகத் திரும்பாது, இருப்பதாவது நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிவப்பில் அடித்த ஐந்துக்கும் கீழே, இதை மூக்கால் எழுதினேன். 

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அந்த மூன்றாம் நாள் எனக்கு எப்போதுமே பயம். தெய்வாத்தாளம்மா கட்டில் பக்கத்தில் ஜவுளிக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்ற நேரம் அண்ணனுக்கு இருமல் வந்தது. சொல்லிக்கொடுத்தபடி தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினார். ஒரு குட்டை, அதோடு நின்றது. "முருகா" மட்டும் வழக்கம் போல் வந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர் விரலை ஆட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார், சத்தமாகப் பேசினால் தையல் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்து, காதைக் கொடுத்துக் குனிந்தேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மூச்சை நன்றாக இழுத்து, என் மீசையருகே முகர்ந்தார். ஒரு முறை. சந்தேகம் தீராமல் இன்னொரு முறை. மறைக்க ஒன்றும் இல்லாதபோதும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பிறகு தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, "சுத்தமுங்க" என்றார். "போயி உங்க கார்டுல எழுதிக்குங்க சார். மோந்து பாத்தது ஆறுச்சாமின்னு."